வீடற்ற பிள்ளைகளின் கரானா: மைஹர் பேண்டு

1918ஆம் ஆண்டின் இன்புளூயன்சா கொள்ளைநோயில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் மாண்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணிக்கின்றனர். நடு இந்தியாவின் சிறு சமஸ்தானமான மைஹரிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஆதரவின்றி நின்றனர். அரசவை இசைஞரான அலாவுதீன் கான் அவர்களைத் திரட்டி ஓர் இசைக்குழுவை உருவாக்கினார். மன்னர் பிரிஜ்நாத் சிங் அதற்குப் புரவலராக இருந்தார். அக்குழுவே மைஹர் பேண்டு.

இம்முயற்சி எத்துணைப் புதுமையானது என்பதை 'கரானா' எனும் சொல்லே உணர்த்தும். வீடு என்று பொருள்படும் 'கர்' என்பதிலிருந்து பிறந்த சொல் அது. இந்துஸ்தானி இசை பெரும்பாலும் வீட்டுச் சொத்தாகவே காக்கப்பட்டது. தந்தை மகனுக்கு அளிப்பார், அயலாருக்கு எளிதில் கிட்டாது. அலாவுதீன் கானும் அந்த வாசலில் காத்துக் கிடந்தவரே. இன்றைய வங்கதேசத்தின் சிவ்பூரில் பிறந்த அவர், தான்சேன் வழிவந்த ராம்பூர் வஜீர் கானிடம் மாணவராகச் சேர நெடுங்காலம் போராட நேர்ந்தது. அவ்வாறு அரிதிற் பெற்ற வித்தையை, வீடே இல்லாத பிள்ளைகளுக்கு அவர் வழங்கினார்.

குழுவை நடத்துவதென்பது ஒரே வேலையாக இருக்கவில்லை. அவரே ஆசிரியர், அவரே இசையமைப்பாளர், ஒத்திகையை நடத்துபவரும் அவரே. இசையறியாத சிறார்க்கு முதற்பாடம் தொடங்கி ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. பின்னர் அக்கருவிகள் அனைத்தும் ஒன்றிசைந்து ஒலிப்பதற்கேற்ற மெட்டுகளை அமைக்க வேண்டும். இந்துஸ்தானி மரபோ தனி வாசிப்பை மையமாகக் கொண்டது. பலர் கூடி ஒரே ராகத்தை வாசிக்கும் முறைக்கு அதில் முன்மாதிரிகள் மிகக் குறைவு.

இங்கே கைகொடுத்தது அவருடைய அலைந்து திரிந்த இளமை. கல்கத்தாவில் வாழ்ந்த காலத்தில் நாடக அரங்கின் இசைக்குழுவில் வாசித்தவர். வயலின், கிளாரினெட், கார்னெட் எனப் பல கருவிகளைப் பயின்றவர். ஒரே கருவியில் நிலைத்திருக்கவில்லை என்று தூய மரபாளர்க்குக் குறையாகத் தோன்றியிருக்கக்கூடிய அந்த அனுபவமே மைஹரில் மூலதனமாயிற்று. சிதாரும் சரோதும் வயலினும் செலோவும் ஒரே குழுவில் அமர்ந்தன.

கருவி செய்யும் பணியையும் அவரே மேற்கொண்டார். பழைய துப்பாக்கிக் குழாய்களை வெவ்வேறு நீளங்களில் வெட்டி, சுரவரிசைப்படி அடுக்கி, கோல்களால் தட்டி வாசிக்கும் 'நல் தரங்' எனும் கருவியை உருவாக்கினார். 'நல்' என்றால் குழாய். உயிர் குடிக்கச் செய்யப்பட்ட இரும்பு, கொள்ளைநோயில் தப்பிய பிள்ளைகளின் கைகளில் இசையாக மாறியது.

அவரது கண்டிப்பு கடுமையானது. சினமும் அவ்வாறே என்பதை மாணவர்கள் பலர் பதிவுசெய்துள்ளனர். அதனை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் இத்தனை பொறுப்புகளும் ஒரே மனிதரின் தோளில் குவிந்திருந்தமையால், குழுவின் வலிமையும் பலவீனமும் ஒன்றாகவே அமைந்தன. அவர் இருந்தவரை குழுவுக்கு வேறொருவர் தேவைப்படவில்லை. அவருக்கு மாற்றாக ஒருவரைக் காண்பதும் எளிதன்று. புரவலராக இருந்த சமஸ்தானமும் 1948இல் விந்தியப் பிரதேசத்தில் கலந்து மறைந்தது.

இதற்கிடையே மைஹரின் புகழ் வேறு திசையில் வளர்ந்தது. மகன் அலி அக்பர் கான், மகள் அன்னபூர்ணா தேவி, 1938இல் மைஹர் வந்து பயின்ற ரவி சங்கர், பின்னர் நிகில் பானர்ஜி எனத் தனி வாசிப்பாளர்களின் பெயர்களால் 'மைஹர் கரானா' உலகறிந்ததாயிற்று. 1971இல் பத்ம விபூஷண் பெற்ற அலாவுதீன் கான், 1972இல் மைஹரிலேயே மறைந்தார். அவர் தொடங்கிய குழு, தலைமுறைகள் மாறியும் வாசித்து வருகிறது.

இசை வரலாற்று நூல்கள் மேதைகளின் பெயர்களை வரிசையிட்டுச் சொல்கின்றன. முதற்குழுவில் வாசித்த அந்தச் சிறுவர் சிறுமியர் பெரும்பாலும் 'அநாதைப் பிள்ளைகள்' என்ற ஒற்றைத் தொடருக்குள் அடங்கிவிடுகின்றனர். கரானா என்பது வீடெனில், மைஹரில் அவ்வீட்டின் முதற்குடிகளுள் அவர்களும் அடங்குவர். அவ்வீட்டின் வரலாற்றை அவர்களிடமிருந்தும் எழுதத் தொடங்குவதே முறையாகும்.