இருபது தோட்டா

சென்ற வாரம் ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் விட்டோம், ஞாபகம் இருக்கிறதா? ஹூக்ளி நதிக்கரை. சீனப் போரில் பட்ட அடி ஆறவில்லை. கையால் போல்ட்டை இழுத்து இழுத்துச் சுடும் பழைய 303-ஐ வைத்துக்கொண்டு இனி மலையேற முடியாது என்று டில்லிக்குப் புரிந்துவிட்டது. பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனியோடு பேச்சு முறிந்தது. உடனே நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? பெல்ஜியம், பிரிட்டன், ஆஸ்திரேலியா என மூன்று நாட்டுத் துப்பாக்கிகளை வாங்கி, பிரித்துப் போட்டு, ஒவ்வொரு உறுப்பாக அளவெடுத்துத் தாங்களே ஒன்றைச் செய்துவிட்டார்கள்.

அதுதான் எஸ்.எல்.ஆர்.

இந்த இடத்தில் நிறுத்தியதற்கு பள்ளிகொண்டாவிலிருந்து போன் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர். இப்போது ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. நம் பக்கத்தில் இது அதிசயமில்லை. வேலூருக்குத் தெற்கே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற மாவட்டம் இது.

"சார், காப்பி அடிச்ச துப்பாக்கின்னு எழுதிட்டீங்க. பரவால்ல, அது உண்மைதான். ஆனா மட்டமான துப்பாக்கின்னு மட்டும் எழுதிடாதீங்க. சர்வீஸ் பூரா அதைத்தான் தூக்கினேன். ஒரு நாளும் என்னைக் கைவிடல."

"அப்புறம் ஏன் சார் மாத்தினாங்க?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அதை நீங்க யாழ்ப்பாணத்துல போய்க் கேக்கணும்."

போவோம்.

1987 அக்டோபர் 11. இரவு. பலாலி விமானத் தளம்.

இலங்கையில் அமைதி காக்கப் போன இந்தியப் படை. ஒப்பந்தம், உண்ணாவிரதம், சயனைடு, முறிந்த நட்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. இப்போது சண்டை தொடங்கிவிட்டது. 54-வது டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் முன்னால் ஒரு திட்டம். கொக்குவிலில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை ஒட்டி விடுதலைப் புலிகளின் தலைமையிடம். தலைவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று தகவல். ஹெலிகாப்டரில் ஆட்களைப் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தில் இறக்கு. விடிவதற்குள் பிரபாகரனைப் பிடி. போர் வளர்வதற்கு முன்பே முடிந்துவிடும்.

காகிதத்தில் அழகான திட்டம். முதலில் 10-வது பாரா கமாண்டோக்கள். அவர்கள் பின்னாலேயே 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 360 பேர். கமாண்டோக்கள் வேட்டைக்கு. சீக்கியர்கள் மைதானத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள.

ஒரே ஒரு சிக்கல்.

புலிகள் வயர்லெஸ்ஸை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நள்ளிரவு தாண்டியது. மி-8 ஹெலிகாப்டர்கள் விளக்கை அணைத்துக்கொண்டு கிளம்பின. முதலில் இறங்கிய கமாண்டோக்கள் எப்படியோ இருட்டுக்குள் நழுவினார்கள். அடுத்தடுத்த நடைகளில் மைதானத்தைச் சுற்றியிருந்த கட்டடங்கள் விழித்துக்கொண்டன. மெஷின்கன். நாலா பக்கமிருந்தும். ஹெலிகாப்டர்களின் உடம்பில் பொத்தல். திரும்பிப் போனவற்றைப் பார்த்தவர்கள் இன்னொரு நடை அனுப்பத் துணியவில்லை.

அதற்குள் மைதானத்தில் கால் வைத்துவிட்ட சீக்கியர்கள் எத்தனை பேர் தெரியுமா?

முப்பது.

360 பேர் வர வேண்டிய இடத்தில் 30 பேர். தலைமை, மேஜர் பீரேந்திர சிங். அவருக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றுதான்: மைதானத்தை விடாதே, மிச்சப் பேர் வருகிறார்கள். வரப்போவதில்லை என்று அவரிடம் யார் சொல்வது? வயர்லெஸ் தூக்கிய சிப்பாயைக் குறிபார்த்துச் சுட்டுவிட்டார்கள். பலாலியோடு தொடர்பு அறுந்தது.

ஒரு நிமிஷம் அந்த மேஜரின் இடத்தில் நின்று பாருங்கள். கமாண்டோக்களைப் போல நீங்களும் இருட்டில் நழுவிவிடலாம். ஆனால் நீங்கள் நகர்ந்த மறு நிமிஷம் உங்கள் தோழர்கள் வானத்திலிருந்து இறங்கினால்? காலி மைதானத்தில், எதிரியின் மடியில் இறங்குவார்கள். எந்தத் தளபதிக்கு மனசு வரும்?

அவர் நகரவில்லை.

இங்கேதான் பள்ளிகொண்டா ஹவில்தாரின் துப்பாக்கி கதைக்குள் வருகிறது.

முப்பது பேரில் பெரும்பாலோர் கையில் எஸ்.எல்.ஆர். ஒரு மீட்டருக்கு மேல் நீளம். நாலு கிலோவுக்கு மேல் எடை. மேகசினில் இருபது தோட்டா. விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு வெடி. வெடித்த வாயுவில் கொஞ்சம் பீப்பாயிலிருந்து மேலே திரும்பி, பிஸ்டனைத் தள்ளி, வெற்று ஓட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். ஆனால் அடுத்த வெடிக்கு விரல் மறுபடி அழுத்த வேண்டும். பெல்ஜியத்து அசலில் சரமாரியாகச் சுடும் வசதி இருந்தது. பிரிட்டன் அதைப் பிடுங்கிவிட்டது, நாமும் அதே வழியில் போனோம். சிப்பாய் தோட்டாவை வாரி இறைப்பான் என்ற பயம். குறிபார்த்து ஒவ்வொன்றாய்ச் சுடு என்பது பழைய பாடம்.

செய்நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. இதன் போல்ட் ஒவ்வொரு வெடிக்கும் பின்பக்கம் சாய்ந்து, விரல் நீளம்கூட இல்லாத ஒரு எஃகுத் துண்டின் மேல் உட்காரும். அந்தத் துண்டை மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசத்தில் பல அளவுகளில் செய்து வைத்திருப்பார்கள். ஃபிட்டர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, இந்தத் துப்பாக்கிக்கு இதுதான் என்று தேர்ந்தெடுப்பார். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக! கரி படிந்து ஓட்டம் மந்தமானால் முன்னால் ஒரு திருகு வளையம். திருகினால் பிஸ்டனுக்குக் கூடுதல் வாயு. பின்கட்டையின் அடித்தகட்டில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் எண்ணெய்க் குப்பி. அந்தத் தகட்டை மட்டும் நம் ஆட்கள் பழைய 303-லிருந்தே எடுத்துக்கொண்டார்கள். சிக்கனம் நம் குணமாயிற்றே.

வம்பு வேறு இடத்தில். பிரிட்டன் துப்பாக்கி அங்குலக் கணக்கு, பெல்ஜியத்தது மில்லிமீட்டர். நம்முடையது இரண்டிலிருந்தும் எடுத்தது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். யு.கே. சைஸ் அச்சில் பாதி, ஐரோப்பிய சைஸ் அச்சில் பாதி என்று ஒரு ஜோடி தைத்தால், அந்த ஜோடி காலுக்குச் சரியாக இருக்கலாம், ஆனால் வெளியூர்க் கடையில் அதற்கு மாற்று அடிப்பாகம் கிடைக்காது. எஸ்.எல்.ஆரும் அப்படித்தான். பெல்ஜியக் கம்பெனி கொதித்துப்போய் வந்தபோது, அவர்களிடமே இன்னும் கொஞ்சம் துப்பாக்கி வாங்கிச் சமாதானம் செய்தோம். அது தனிக் கூத்து.

சரி, எதிரே இருந்தவர்கள் கையில் என்ன?

ஏ.கே.

அதன் உறுப்புகளுக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். குலுக்கினால் சத்தம் கேட்கும். ஈஷாப்பூர் ஃபிட்டர் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனால் அந்த இடைவெளியில்தான் மணலும் சேறும் ஒதுங்கிக்கொள்ளும். இஸ்ரேல்காரர்கள் இதைப் பாலைவனத்தில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பெல்ஜியத் துப்பாக்கி அவர்கள் மணலில் சிக்கிக்கொள்ள, கடைசியில் ஏ.கே.யின் உள்ளமைப்பைத் தழுவி கலீல் என்று ஒன்றைச் செய்தார்கள். அதே பெல்ஜியத் துப்பாக்கிக் குடும்பம்தான் 1982-ல் ஃபாக்லண்ட் தீவில் இரு தரப்புக் கையிலும் இருந்தது. குளிரிலும் ஈரத்திலும் உழைத்தது. ஐந்நூறு, அறுநூறு மீட்டர் வெட்டவெளியில் அதற்கு நிகர் குறைவு.

கொக்குவில் வெட்டவெளியா?

கிடுகு வேலி. ஒழுங்கை. மதில். மாடி ஜன்னல். இருபது மீட்டர், முப்பது மீட்டரில் ஒரு தலை தெரியும், மறையும். அந்தக் கண நேரத்தில் ஏ.கே. சடசடவென்று கொட்டும். மேகசினில் முப்பது. தோட்டா சிறியது, எடை குறைவு, ஒருவர் நிறையத் தூக்கலாம். எஸ்.எல்.ஆர். தோட்டா பெரியது, மதிலைத் துளைக்கும், தோளை உலுக்கும். ஒருவர் தூக்கக்கூடியதோ கொஞ்சம். மைதானத்தில் படுத்திருந்தவர்களுக்கு அந்தக் கொஞ்சத்தோடு சரி. கொண்டுவந்து கொடுக்க வேண்டிய ஹெலிகாப்டர் பலாலியில் பொத்தலோடு நிற்கிறது.

விடிந்தது.

வெளிச்சம் வந்ததும் மைதானம் மறைவற்ற தட்டாக மாறிவிட்டது. மேலே இருப்பவனுக்கு எல்லாம் தெரிகிறது. கீழே இருப்பவனுக்குச் சுவர்தான் தெரிகிறது. அப்படியும் ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஒவ்வொரு வெடியாக. எண்ணி எண்ணி.

பகல் பதினொன்றரை வாக்கில் உயிரோடு இருந்தவர்கள் மூன்று பேர்.

தோட்டா தீர்ந்தது.

சரணடையலாம். அவர்கள் பயனெட்டைப் பொருத்தினார்கள். மூன்று பேரும் எழுந்து, மெஷின்கன்களை நோக்கி ஓடினார்கள். இருவர் விழுந்தார்கள். ஒருவர் பிடிபட்டார். அவர் பின்னால் விடுதலையாகி வந்து சொன்னதால்தான் இந்தக் கடைசி மணி நேரம் நமக்குத் தெரிகிறது.

முப்பதில் இருபத்தொன்பது பேர் போனார்கள். கமாண்டோக்களை மீட்க மேஜர் அனில் கௌல் டாங்கிகளை ரயில் தண்டவாளத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். சாலையெல்லாம் கண்ணிவெடி. பிரபாகரன் தப்பிவிட்டார். அந்த அக்டோபரில் யாழ்ப்பாணத்து ஜனங்கள் பட்டதை இந்த அத்தியாயத்தின் ஓரத்தில் இரண்டு வரியில் சொல்வது பாவம். அதனால் இங்கே தொடவில்லை.

இப்போது ஹவில்தாரிடம் நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த மைதானத்தில் எஸ்.எல்.ஆர். சிக்கிக்கொண்டதா? உடைந்ததா? அங்கே துப்பாக்கி காலை வாரியது என்று நான் படித்ததில் எங்கும் இல்லை. தோட்டா தீரும்வரை சுட்டார்கள். ஈஷாப்பூர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இமயத்தில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும் எதிரியை அடிக்க ஒரு துப்பாக்கி கேட்டார்கள், கொடுத்தது. அதைக் கொக்குவில் ஒழுங்கைக்குள் அனுப்பியது ஈஷாப்பூர் அல்லவே! ஹவில்தார் அண்ணா, உங்கள் துப்பாக்கி மேல் பழி இல்லை. அன்றைய திட்டத்தின் மேல்தான் என் கோபமெல்லாம்.

ஆனால் டில்லி வேறு மாதிரி யோசித்தது.

ஈழத்திலிருந்து திரும்பிய படைக்காரர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: எங்களுக்கும் ஏ.கே. மாதிரி வேண்டும். அவசரத்துக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏ.கே. வகைத் துப்பாக்கிகள் வாங்கினார்கள். அதே நேரத்தில் புனேயில் ஒரு வரைபடம் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. ஏ.கே.யின் வயிறு. எஸ்.எல்.ஆரின் வாயுத் திருகு. சின்னத் தோட்டா. கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் மேகசின், எத்தனை தோட்டா மிச்சம் என்று சிப்பாய் ஒரே பார்வையில் பார்த்துக்கொள்ள. இந்த முறை யாரிடமும் காப்பி அடித்தோம் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு. பெயர், இன்சாஸ்.

ஈஷாப்பூரில் செய்தார்கள், நம் திருச்சியிலும் செய்தார்கள். 1998 குடியரசு தின அணிவகுப்பில் பளபளவென்று வந்தது. கைதட்டினார்கள்.

அடுத்த வருஷமே கார்கில்.

பனிமலை உச்சி. பூஜ்யத்துக்குக் கீழே குளிர். சிப்பாய் ஒருவன் பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு அந்தக் கண்ணாடி மேகசினைப் பார்க்கிறான். இருபது தோட்டாவும் பத்திரமாக இருக்கிறது.

மேகசினில்தான் விரிசல்.

(அடுத்த வாரம்)