துஆ: கேட்கும் உரிமையும் கேட்கும் மொழியும்

தொழுகையும் துஆவும் ஒன்றல்ல. ஐவேளைத் தொழுகைக்கு நேரம், திசை, நிலை, மொழி எல்லாமே வரையறுக்கப்பட்டவை. ஒரு நாளின் 17 பர்ளு ரக்அத்களிலும் ஓதப்படும் ஃபாத்திஹா அத்தியாயமே நேர்வழி கேட்கும் ஒரு துஆதான். ஆனால் அதை அரபியில்தான் ஓதுகிறார்கள். தொழுகைக்கு வெளியே கையேந்தும்போது இந்தக் கட்டுகள் தளர்ந்துவிடுகின்றன. அடுப்படியில் நின்றும் கேட்கலாம், கடையைத் திறக்கும்போதும் கேட்கலாம். மாதவிலக்கால் தொழுகை இல்லாத நாட்களிலும் ஒரு பெண் துஆ கேட்கலாம். அழைப்பவருக்கு இறைவன் அருகிலேயே இருப்பதாகச் சொல்லும் குர்ஆன் வசனம் (2:186) நடுவில் எந்த ஆளையும் நிறுத்தவில்லை.

தமிழ் வழிபாட்டுக்குள் நுழைந்தது இந்தத் திறப்பின் வழியாகத்தான். 'முனாஜாத்து' என்ற அரபிச் சொல்லுக்கு அந்தரங்கமாகப் பேசுதல் என்று பொருள். தமிழில் அது பாட்டு வகையாகவே ஆகிப்போனது. நோய் தீரவும் மழை பெய்யவும் பாவம் பொறுக்கவும் கேட்டுப் பாடினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அரபுத்தமிழ் நூல்கள் அச்சேறின. குர்ஆன் ஓதுவதற்காக அரபி எழுத்துப் படித்த பெண்கள், தமிழ் எழுத்து தெரியாமலேயே தமிழை வாசித்தார்கள். பள்ளிவாசலின் சொல்லாடலுக்கு வெளியே, வீட்டுக்குள் உருவான வாசிப்பு இது.

குணங்குடி மஸ்தான் சாகிபு பராபரக்கண்ணியில் இறைவனை நேராக அழைக்கிறார். வடிவமோ தாயுமானவர் கையாண்டது. அவரே முகியித்தீன் சதகத்தில் 1166இல் பாக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியைக் கூப்பிடுகிறார். நேரடிக் கேட்பும் பரிந்துரை வேண்டலும் ஒரே நாவில் பகையில்லாமல் இருந்திருக்கின்றன.

1980களில் தமிழகத்தில் பரவிய தவ்ஹீத் பிரச்சாரம் இங்கேதான் கைவைத்தது. இறைவனிடம் கேட்க இடைத்தரகர் எதற்கு என்றது. தர்கா நிர்வாகத்தையும் ஆலிம்களின் அதிகாரத்தையும் பார்த்துக் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியில் ஜனநாயகம் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நடுவிலிருந்த ஆளை விலக்கிய வேகத்தில் பாட்டையும் விலக்கிவிட்டார்கள். அரபி துஆக்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட கையேடுகள் பெருகின. பொருள் பக்கத்திலேயே இருந்தாலும் மனப்பாடம் ஆவது அரபிதான். ஆதாரமுள்ள சொல் எது என்று தீர்மானிக்கிறவர் புதிய இடைத்தரகர் ஆகிவிடுகிறார்.

இலக்கிய வரலாற்றுக்காரர்களும் சளைத்தவர்களல்ல. முனாஜாத்தை ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். யாரிடம் கேட்பது என்ற சண்டையில், யார் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள் என்பது காணாமல் போகிறது. அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த மூதாட்டிகள் குறைந்துவருகிறார்கள். அவர்கள் பாடுவதைப் பதிவு செய்யாமல் தமிழ் முஸ்லிம் வரலாறு என்று எதை எழுதினாலும் அது ஆண்களின் தகராறாகவே முடியும்.