ஜார்ஜ் முல்லர்: பொய்க் கணக்கில் தொடங்கிய ஒரு விசுவாசத் தலைவர்

வணிகவியல் மாணவர்களான எங்களுக்கு முதல் வருடமே மண்டையில் ஏற்றும் பாடம் ஒன்று உண்டு. வரவு எங்கிருந்து வரும் என்று தெரியாமல் செலவைத் தொடங்காதே! இந்தப் பாடத்தை மீறியவர் போலத் தோன்றும் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் ஜார்ஜ் முல்லர்.

முல்லர் 1805-ல் பிரஷ்யாவில் பிறந்தார். அப்பா வரி வசூல் செய்யும் அலுவலர். பிள்ளைகள் பணத்தைக் கையாளப் பழகட்டும் என்று அவரே பணம் கொடுத்து, பிறகு கணக்குக் கேட்பார். மகனோ செலவழித்துவிட்டுப் பொய்க் கணக்கு எழுதினான். பத்து வயதுக்குள் அப்பாவிடம் இருந்த அரசாங்கப் பணத்தையே திருடினான். 16 வயதில் விடுதியில் தங்கிவிட்டுப் பணம் கட்டாமல் ஓடப்பார்த்துச் சிறைக்கும் போனான். இதையெல்லாம் பின்னாளில் அவரே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

1825-ல் ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, ஒரு வீட்டில் நடந்த சிறிய ஜெபக் கூட்டம் அவரை மாற்றியது. ஹாலே நமக்கும் தெரிந்த ஊர்தான். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அங்கே படித்தவர். ஃபிராங்கே என்ற போதகர் தொடங்கிய பெரிய அனாதை இல்லமும் அங்கேதான் இருந்தது. முல்லர் மனதில் விதை விழுந்தது அந்த இல்லத்தைப் பார்த்துத்தான்.

1829-ல் இங்கிலாந்து வந்து, 1830-ல் டெய்ன்மவுத் என்ற ஊரில் போதகரானார். அந்தக் காலத்தில் சபையில் இருக்கைகளுக்கு வாடகை உண்டு. பணக்காரருக்கு நல்ல இடம், ஏழைக்கு மூலை! போதகர் சம்பளமும் அந்த வாடகையிலிருந்துதான். யாக்கோபு நிருபத்துக்கு இது விரோதம் என்று பட்டதும் அவர் வாடகையை நிறுத்தினார், சம்பளத்தையும் விட்டார். கீழ்ப்படிதல் என்று பிரசங்கம் செய்வது எளிது. அவர் முதலில் கை வைத்தது தன் சொந்த வருமானத்தில்!

அந்த வருடம் அவர் மணந்த மேரியின் அண்ணன் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ். 1833-ல் இந்தியா வந்த குரோவ்ஸிடம் பழகியவர்தான், சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்த திருநெல்வேலி அருளப்பன். ஒரே கொள்கை இரண்டு நாடுகளில் வேர் பிடித்திருக்கிறது.

1835 டிசம்பரில் பிரிஸ்டல் நகரில் அனாதை இல்லம் தொடங்க முடிவு செய்த முல்லர், ஒரு வீடு, 1000 பவுண்டு, தகுந்த பணியாளர்கள் வேண்டும் என்று ஜெபித்தார். மனிதர் யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை. இந்த இரண்டும் அவர் விதிகள். 1836 ஏப்ரலில் இல்லம் திறந்தது. அந்த 1000 பவுண்டு முழுதாகச் சேர்ந்தது 1837 ஜூனில்தான். 1845-ல் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், பிள்ளைகளின் சத்தத்தால் தொந்தரவு என்று மரியாதையாகக் கடிதம் எழுதினார். முல்லர் கோபப்படவில்லை. இருப்பதா, போவதா என்று காரணங்களை இரண்டு பக்கமாக எழுதிப் பார்த்து, ஆஷ்லி டவுனில் கட்ட முடிவு செய்தார். 1849-ல் 300 பிள்ளைகளுக்கான முதல் கட்டிடம் தயாரானது. 1870-க்குள் ஐந்து கட்டிடங்கள், 2000 பேருக்கு மேல் இடம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஒவ்வொரு வருடமும் அறிக்கை அச்சிட்டு, வந்த பணத்தையெல்லாம் வெளியிடுகிறாரே, அதுவே மறைமுகமாகக் கேட்பதுதானே? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் 1841 கடைசியில் நடந்ததைப் பாருங்கள். பணம் மிகவும் நெருக்கடி. அறிக்கை வெளியிட வேண்டிய நேரம். வெளியிட்டால் உடனே உதவி வரும். அது கேட்பது போலாகிவிடும் என்று அறிக்கையைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டார்! அறிக்கை நன்கொடையைத் தூண்டியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதை ஒரு கருவியாக்க அவர் மறுத்தார் என்பதும் உண்மை.

இன்னொன்று. அறிக்கைகளில் பெயர் சொல்லாமல், கர்த்தரின் ஊழியர் ஒருவர் என்று மட்டும் ஒரு நன்கொடையாளர் வருவார். அது முல்லரேதான்! தனக்கென்று வந்ததில் 80,000 பவுண்டுக்கு மேல் அவர் திருப்பிக் கொடுத்திருந்தார். அவர் கையில் வந்துபோன நிதி ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு. வளர்ந்த பிள்ளைகள் 10,000 பேருக்கு மேல். 1898-ல் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து, வீட்டுச் சாமான்களையும் சேர்த்து, சுமார் 160 பவுண்டு.

விசுவாசம் என்றால் கணக்குப் பார்க்காமல் இருப்பது என்று பலர் நினைக்கிறோம். முல்லரின் விசுவாசம் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதியது. ஆண்டவரை நம்புகிறேன் என்று சொல்லி நன்கொடை வாங்கும் எந்தத் தலைவரிடமும் நாம் தயங்காமல் கேட்கலாம்: ஐயா, உங்கள் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவீர்களா?