கித்தான் கூரையின் கதை

எரியோடு, வேடசந்தூர் வட்டாரத்தில் மழை குறைவு, வெயில் மிகுதி. வெயிலில் வாடும் நமக்கு மேல்மூடியில்லாத மோட்டார் வண்டியின்மீது ஆசை பிறப்பானேன் என்று சிலர் வியக்கக்கூடும். ஆயினும் பிறந்திருக்கிறது. கூரையை மடக்கிவிட்டு ஓட்டக்கூடிய பழைய வண்டி ஒன்றைச் சிறு தொகைக்கு வாங்கலாமா என்று என்னிடம் பயின்றவர்களில் பலர் கேட்கின்றனர். உழைத்துச் சேர்த்த பணத்தோடு உயிரும் சம்பந்தப்பட்ட கேள்வி இது. ஆகவே, சந்தைக்குப் புறப்படுமுன் இவ்வண்டிகளின் சரித்திரத்தைச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

மாணவர்களே, மோட்டார் வண்டி பிறக்கும்போதே கூரையோடு பிறக்கவில்லை. 1886-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய கார்ல் பென்ஸ் உரிமைப் பட்டயம் பெற்ற மூன்று சக்கர வண்டிக்குக் கூரையே கிடையாது. பின்னர் வந்த வண்டிகளில் மடக்கி விரிக்கத்தக்க கித்தான் துணியைப் பொருத்தினர். நம் நாட்டில் வெறும் கட்டை வண்டிக்கு ஆகும் செலவு வேறு, கூண்டு கட்டி மெத்தை போட்ட வில்வண்டிக்கு ஆகும் செலவு வேறு அல்லவா? மோட்டாரிலும் அப்படியே இருந்தது. மரச்சட்டம் கோத்துக் கண்ணாடி பதித்து மூடிய உடலமைப்பைச் செய்வது கைதேர்ந்த தச்சர்களின் நெடுநாள் வேலை. செல்வர்களே அதற்குப் பணம் கொடுக்க முடிந்தது. எளியவர்களுக்கு வாய்த்தது கித்தான் கூரைதான். ஹென்றி போர்டு 1908-இல் விற்பனைக்குக் கொணர்ந்த 'டி' மாதிரித் திறந்த வண்டியின் விலை 850 டாலர். 1925-இல் இருவர் அமரும் சிறிய திறந்த வண்டி 260 டாலருக்கே கிடைத்தது.

இந்நிலை எவ்வாறு தலைகீழாயிற்று என்பதே இக்கதையின் சுவையான பகுதி. 1922-இல் அமெரிக்காவில் 'எஸ்ஸெக்ஸ்' என்னும் பெயருடைய மூடிய வண்டி ஒன்று, திறந்த வண்டியின் விலையை நெருங்கிய விலையில் வெளிவந்தது. மூன்றாண்டுகளுக்குள் அதன் விலை திறந்த வண்டியின் விலைக்கும் கீழே இறங்கிவிட்டது. தச்சர்கள் இழைத்துக் கோத்ததைப் பேரியந்திரங்கள் தகட்டில் அழுத்திச் செய்யத் தொடங்கியதே காரணம். 1935-ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஒரே உருக்குத் தகட்டாலான கூரையை அமைத்தது. பின்பு, தனியான அடிச்சட்டமே இல்லாமல், தரையும் பக்கங்களும் கூரையும் சேர்ந்து ஒரே கூடாக நின்று பாரம் தாங்கும் வண்டிகள் வந்தன.

வகுப்பில் இதை விளக்குவதற்கு நான் ஒரு செருப்புப் பெட்டியைப் பயன்படுத்துவது வழக்கம். மூடியை ஒட்டிவிட்டு முறுக்கினால் பெட்டி எளிதில் வளையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் கையோடு வளைந்துகொடுக்கும். கூரை பாரம் தாங்கும் உறுப்பாகிவிட்ட வண்டியில் அதனை நீக்கவேண்டுமானால், அடியிலும் பக்கங்களிலும் கூடுதலாக உருக்கு வைத்து வலுவூட்டவேண்டும். அதனால் எடையும் கூடும், விலையும் கூடும். ஏழையின் வண்டி பணக்காரரின் வண்டியானது இவ்வாறுதான்.

நம் நாட்டில் அதனை மீண்டும் எளியவர் கைக்கு எட்டச் செய்தது ஒரு போர். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. பர்மாப் போர்முனைக்காக இந்தியாவுக்கும் அவை ஏராளமாக வந்தன. போர் முடிந்ததும் மிஞ்சிய வண்டிகளை அரசாங்கம் விற்றுத் தீர்த்தது. எண்ணெய் குடிப்பதில் அவை மகா தாராளம். ஆயினும் உறுதியான அடிச்சட்டத்தின்மேல் நின்றமையால், கித்தான் கிழிந்து போனாலும் வண்டிக்கு ஒரு குறையுமில்லை. 1945-இல் தோன்றிய மகீந்திரா நிறுவனம் 1947-இல் பம்பாயில் இவ்வகை ஜீப்புகளைப் பூட்டி இணைக்கத் தொடங்கியது. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் ஜீப்புகளைக் கண்டவர்களுக்கு அந்த உழைப்பைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

பழைய வண்டியை வாங்கிப் பயனடைந்தவர்களுள் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களை நினையாமல் இருக்க இயலாது. இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன்மேல் ஆவல் கொண்டார். உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியதும் ஊர்சுற்றப் புறப்படவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடியும் பூட்டிக் கற்றுக்கொண்டார். 1920-இல் நம் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார்.

விடுதலைக்குப் பின் கார் உற்பத்தி சில நிறுவனங்களுக்கே உரியதாயிற்று. 1959-இல் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையும் பிறந்தது. புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அதனால் பழைய கார் என்றால் விலை மலிவு என்னும் சாதாரண நியாயம்கூட அந்நாளில் செல்லவில்லை! அக்காலத்தில் நம் சென்னையை அடுத்த வண்டலூர்த் தொழிற்சாலையில் 1961 முதல் உருவான வண்டிதான் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. அதன் மூலவடிவம் 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அங்குள்ள கம்பெனிக்கு உடலமைப்புச் செய்து கொடுத்த பட்டறையைப் போட்டிக் கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது. வேறு வழியின்றித் தனி அடிச்சட்டத்தின்மேல் பகுதி பகுதியாகத் திருகாணியால் பூட்டும் முறையைக் கையாண்டனர். கூரையும் அவ்வாறு பூட்டியதே. ஆகவே மறு ஆண்டிலேயே மடக்குக் கூரை வண்டியை எளிதில் வெளியிட முடிந்தது. இடையூறே வசதியாக அமைந்த விந்தை இது! இந்தியாவில் பெரும்பாலும் மூடிய வண்டிகளே விற்றன. பிற்காலத்தில் அவற்றின் கூரையைக் கழற்றித் திறந்த வண்டியாக்கினவர்கள் உண்டு.

ஹெரால்டைப் பார்த்துப் பழைய பியட்டையும் அம்பாசடரையும் வாளால் அறுக்கத் துணிந்தவர்களும் உளர். அவையிரண்டும் ஒரே கூடாக அமைந்தவை. செருப்புப் பெட்டியை நினைவில் கொள்ளுங்கள். அவ்வாறு அறுத்த வண்டியை நான்கு சக்கரத்தில் நிறுத்திப் பார்த்தால் கதவுகள் ஒழுங்காக மூடுவதுபோலத் தோன்றலாம். ஒரு பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கியபின் அதே கதவைத் திறந்து மூடவேண்டும். இடைவெளி மாறிக் கதவு சிக்கினால் உடல் தளர்ந்துவிட்டது என்று பொருள். சட்டமும் அதற்கு இடந்தருவதில்லை. உற்பத்தியாளர் வகுத்த அமைப்பை உரிமையாளர் மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது.

எனவே, சிறு தொகையோடு தேடுபவர்கள் தொழிற்சாலையிலேயே கித்தான் கூரையோடு பிறந்த வண்டிகளை நாடுவது தகும். மகீந்திராவின் பழைய ஜீப்புகளும், 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியின் கித்தான் வகைகளும் அத்தகையன. இரண்டுக்கும் தனி அடிச்சட்டம் உண்டு. வாங்க வருவோர் முதலில் கூரைத் துணியைத் தடவிப் பார்க்கின்றனர். விற்பவரும் அதையே புதிதாக மாற்றி வைத்திருப்பார். துணி கிழிந்திருந்தால் திண்டுக்கல்லில் இருக்கை உறை தைக்கும் கடையிலேயே தைத்துக்கொள்ளலாம். துருவேறிய அடிச்சட்டத்தைத் தையற்காரர் தைக்க இயலாது. கீழே படுத்து, விளக்கு வைத்து, சுத்தியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பின்னர் சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளவையே தானா, எரிபொருள் மாற்றமிருப்பின் அதில் பதிவாகியுள்ளதா, கடன் பாக்கி குறிக்கப்பட்டுள்ளதா என்று ஒப்பிடுங்கள். விற்றவர் 29-ஆம் படிவத்தில் கையொப்பமிட்டுத் தரவேண்டும். 30-ஆம் படிவத்தில் இருவரும் இடவேண்டும். தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வாங்கியவருக்குள்ள தவணை முப்பது நாள்.