மூச்சை முதலாய்ப் போட்டவர்கள்

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் கடற்கரைச் சாலையில், வைப்பாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கீழவைப்பார் இருக்கிறது. தேவாலயம், படகுகள், வலைகள் என்று சாதாரண மீனவர் கிராமம். ஆனால், முத்துக்குளித்துறையின் பெயர்பெற்ற ஏழு கடற்துறைகளில் வைப்பாரும் ஒன்று!

வாருங்கள், ஒரு வரவு-செலவுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முத்துக் குளிக்க என்ன முதல் வேண்டும்? ஒரு கல், ஒரு கயிறு, ஒரு நிமிட மூச்சு. அவ்வளவுதான். கல்லின் கனத்தில் 'பார்' எனப்படும் சிப்பிப் படுகைக்கு இறங்கி, கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு மேலே வரவேண்டும். படகில் கயிறு பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்கவேண்டும் என்பார்கள் இந்தக் கரையில். கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டாராம்! இதைவிட நல்ல இன்ஷூரன்ஸ் உண்டா?

சரி, லாபம் யாருக்கு?

13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டியவருக்கு! உயிரைப் பணயம் வைத்துக் குளித்தவரோ, வியாபாரி அமர்த்திய கூலியாள்.

1530-களில் முஸ்லிம் வணிகர்களோடு தகராறு முற்றியபோது, பரதவர்கள் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் நடந்தது. சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542-ல். 1658-ல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். குளிக்கும் கல்லுக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டை சர்க்கார் எடுத்து ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டது. உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது. லாட்டரிதான்!

இதிலும் ஒரு சிக்கல். குளிப்பு வருஷா வருஷம் நடக்காது. சிப்பி விளையாவிட்டால் பல வருஷம் சும்மா கிடக்கும். போதாக்குறைக்கு, ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893-ல் வளர்ப்பு முத்துக்கு வழி கண்டுபிடித்தார். கடல் முத்தின் மவுசு பிறகு சரிந்தது. தூத்துக்குடியில் கடைசியாகக் குளிப்பு நடந்தது 1961-ல். அதே ஊரில் 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. அதற்கு மூச்சடக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியானால் இத்தனை நூற்றாண்டுகள் இந்தக் கரை எப்படிப் பிழைத்தது? வங்காளத்துப் பெண்களின் வளையலுக்குப் போன சங்கு, அப்புறம் மீன். சங்கும் நெடுங்காலம் சர்க்காரின் ஏகபோகம்தான்!

முத்து இந்தக் கரைக்குப் பேர் வாங்கித் தந்தது. சோறு போட்டது வேறு.