அக்கி

அக்கி என்பது வாரிசெல்லா-சோசுட்டர் என்னும் நச்சுயிரியால் (வைரசு) நரம்பிலும் தோலிலும் உண்டாகும் வலிமிக்க நோயாகும். சின்னம்மையை உண்டாக்குவதும் இதே நச்சுயிரியே. பேச்சு வழக்கில் வேறு சில தோல் கொப்புளங்களையும் அக்கி என்பர். அவை இக்கட்டுரையில் அடங்கா.

நோய் தோன்றும் விதம்

சின்னம்மை குணமானபின் நச்சுயிரி உடலைவிட்டு முற்றிலும் நீங்குவதில்லை. தண்டுவடத்தை ஒட்டியுள்ள உணர்நரம்பு முடிச்சுகளில் அது பல்லாண்டுகள் செயலற்றுத் தங்கிவிடுகிறது. முதுமை, எச்.ஐ.வி. தொற்று, புற்றுநோய் மருத்துவம் போன்றவற்றால் நோயெதிர்ப்பாற்றல் குன்றும்போது மீண்டும் பெருகி, ஒரு நரம்பின் வழியே தோலை அடைகிறது. கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டாமல், பட்டைபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். இவ்விளக்கத்தை இங்கிலாந்தின் குடும்ப மருத்துவரான எட்கர் ஹோப்-சிம்ப்சன், தம் நோயாளிகளைப் பல்லாண்டுகள் கவனித்து 1965இல் வெளியிட்டார்.

அக்கி உள்ளவரிடமிருந்து பிறருக்கு அக்கி தொற்றுவதில்லை. எனினும், கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரக்கூடும். ஆகவே கொப்புளங்கள் காய்ந்து பொருக்காகும்வரை அவற்றை மூடி வைப்பதும், கைக்குழந்தைகள், சின்னம்மை வராத கருவுற்ற பெண்கள் ஆகியோரிடமிருந்து விலகியிருப்பதும் நல்லது.

அறிகுறிகள்

கொப்புளங்கள் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே எரிச்சல், குத்தல், கூச்சம் தொடங்கும். மார்புப் பகுதியில் வரும்போது இதனை மாரடைப்பு வலியென எண்ணுவதும் உண்டு. பின்னர் சிவந்த தோலில் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். இவை 2 முதல் 4 வாரங்களில் ஆறும்.

மூக்கின் நுனியில் கொப்புளம் தோன்றினால் கண்ணும் தாக்கப்படும் வாய்ப்பு அதிகம். பார்வை இழப்பு நேரக்கூடும் என்பதால் உடனே கண் மருத்துவரைக் காண வேண்டும். புண் ஆறிய பின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நரம்பு வலி நீடிக்கலாம். வயது கூடக்கூட இவ்வாய்ப்பும் கூடுகிறது. சட்டை உரசினாலே தாங்கமுடியாத அளவிற்கு அவ்வலி இருக்கும்.

மருத்துவமும் அக்கி எழுதுதலும்

அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொப்புளங்கள் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குவது சிறந்தது. தமிழகச் சிற்றூர்களில் குயவர்கள் காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் படம் வரைவது 'அக்கி எழுதுதல்' எனப்படும். தோல் புண் தானாகவே ஆறிவிடுமாதலால் எழுதியதால் ஆறியதாகத் தோன்றுகிறது. இதில் முதன்மையான இழப்பு அந்த 72 மணி நேரமே. மேலும், திறந்த புண்ணில் பூசும் மண்ணால் வேறு கிருமிகள் தொற்றவும் கூடும்.

தடுப்பு

சின்னம்மைத் தடுப்பூசியை சப்பானைச் சேர்ந்த மிச்சியாக்கி தக்காகாசி 1974இல் உருவாக்கினார். அக்கிக்கெனத் தனித் தடுப்பூசி உண்டு. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிங்ரிக்சு, 50 வயதைக் கடந்தோருக்கு 2 முதல் 6 மாத இடைவெளியில் இரு தவணைகளாக இடப்படுகிறது. ஆய்வுகளில் இது 90 விழுக்காட்டிற்கும் மேல் பலனளித்தது. இதில் உயிருள்ள நச்சுயிரி இல்லை. முன்னர் அக்கி வந்தவர்களும் குணமானபின் இதனைப் போட்டுக்கொள்ளலாம்.