துருவப் பனியில் ஒரு நடமாடும் இல்லம்

சக்கரங்களின்மேல் வீடமைத்துக்கொண்டு ஊர்தோறும் திரிவது மேலைநாட்டார் பலருக்குக் கோடைக்காலப் பொழுதுபோக்கு. அத்தகையதொரு வீட்டை, பாதையென்பதே இல்லாத பனிப்பரப்பில், கடுங்குளிரின் நடுவே செலுத்த முனைந்தவர்களின் வரலாறோ வேறு வகையானது.

அதற்கான வித்து 1934ஆம் ஆண்டில் விழுந்தது. அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிச்சர்ட் பேர்ட், அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் சிறு குடிலொன்றில் தன்னந்தனியே குளிர்காலத்தைக் கழித்தார். உயிரைக் காக்க வேண்டிய அடுப்பே அவருக்குக் கூற்றாயிற்று. அதன் நச்சுப்புகை அவரைச் சாவின் விளிம்பிற்குத் தள்ளியது. மீட்கப் புறப்பட்ட தாமஸ் போல்ட்டர் குழுவினர் இருமுறை திரும்பிவிட்டு, மூன்றாம் முயற்சியிலேயே அவரை அடைந்தனர். இடைத்தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். குடியிருப்பும் ஊர்தியும் ஒன்றேயாக இருந்தால் இந்த இடுக்கண் நேராதன்றோ என்ற எண்ணம் போல்ட்டரின் உள்ளத்தில் வேரூன்றியது.

1939இல் சிக்காகோ நகரில் அவ்வெண்ணம் உருப்பெற்றது. 'பனி உலாவி' எனப் பொருள்படும் பெயர் தாங்கிய அவ்வூர்தியின் நீளம் 55 அடிக்கு மேல்; எடை 34 டன்; சக்கரம் ஒவ்வொன்றும் 10 அடி உயரம். உள்ளே படுக்கையறை, சமையலறை, ஆய்வுக்கருவிகள், ஓராண்டிற்கான உணவு. கூரைமீது ஒரு விமானம்! இரண்டு டீசல் எந்திரங்கள் மின்சாரம் பிறப்பிக்க, சக்கரந்தோறும் பொருத்தப்பட்ட மோட்டார்கள் அதனைச் செலுத்தின. எந்திரங்களைக் குளிர்வித்துச் சூடேறிய நீர்மத்தை அறைகளைச் சுற்றி ஓடவிட்டு வெப்பமூட்டியதே அவ்வமைப்பின் சிறப்பு. வீணாகும் வெப்பம் வீட்டிற்கு உதவியது; அடுப்புப்புகைக்கு அஞ்ச வேண்டிய தேவையும் ஒழிந்தது.

அக்டோபர் 24ஆம் நாள் போஸ்டன் துறைமுகம் நோக்கிப் புறப்பட்ட அதனைக் காணச் சாலையெங்கும் மக்கள் திரண்டனர். ஒகாயோ மாநிலத்தில் பாலமொன்றிலிருந்து ஓடையில் இறங்கி மூன்று நாள் கிடந்ததைத் தீய நிமித்தமாக எவரும் கருதவில்லை போலும்.

1940 சனவரியில் அண்டார்க்டிகாவை அடைந்ததும் உண்மை வெளிப்பட்டது. சதுப்பு நிலத்திற்கென உருவாக்கப்பட்ட வழவழப்பான டயர்கள் பனியில் பிடிப்பின்றிச் சுழன்றன. சக்கரங்கள் மூன்றடி ஆழம்வரை புதைந்தன. சேற்றில் சிக்கிய லாரியைத் தள்ளியவர்க்கு அந்நிலை எளிதில் விளங்கும். மாற்று டயர்களை முன்சக்கரங்களோடு பிணைத்தனர். பின்சக்கரங்களில் சங்கிலி பூட்டினர். பின்னோக்கிச் செலுத்தினால் ஓரளவு நகர்வதைக் கண்டு, அவ்வாறே 92 மைல் ஓட்டினர். அதன் நெடும்பயணம் அதுவே. போல்ட்டர் சனவரி இறுதியிலேயே தாயகம் திரும்பினார்.

எஞ்சியோர் அதனைக் கைவிடவில்லை. ஆல்ட்டன் வேட் தலைமையில், பனிமூடிய ஊர்தியையே வீடாகக் கொண்டு நிலநடுக்க அலைகளையும் அண்டக்கதிர்களையும் ஆராய்ந்தனர். வெளியே துருவக் குளிர்காலம் சீறிக்கொண்டிருக்க, உள்ளே இரவில் மெல்லிய போர்வையே போதுமாயிருந்தது. ஓடுவதற்கென்று செய்தது ஓடவில்லை. குடியிருப்பதற்கென்று செய்தது குறையின்றி நின்றது. இந்த இரண்டாவது செய்தியை மறந்துவிட்டு, அதனை வெறும் நகைப்பிற்குரிய தோல்வியென எழுதிச் செல்வோர் பலர்.

உலகப்போரின் நெருக்கடியால் நிதி நிறுத்தப்பட, 1941இல் அனைவரும் நாடு திரும்பினர். 1958இல் அங்குச் சென்ற ஆய்வுக்குழுவினர், நட்டுவைத்திருந்த மூங்கிற்கழியை அடையாளமாகக்கொண்டு பனியைத் தோண்டினர். தாள்களும் இதழ்களும் சிகரெட்டுகளும் விட்ட நிலையிலேயே சிதறிக்கிடந்தன. சக்கரத்தின் அடிவரை தோண்டி, இடைப்பட்ட ஆண்டுகளில் எவ்வளவு பனி பெய்திருந்தது என்பதை அளந்து குறித்துக்கொண்டு அவர்கள் திரும்பினர்.